பட்டி பார்த்த கதை

எங்கள் அடுத்த தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். பெங்களூரில் வேலை. அவருடைய தாத்தா ஓட்டிய அம்பாசிடர் கார் பதினைந்து வருடமாகப் புளியமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. போன தை மாதம் அதைப் பழையபடி ஆக்கிவிடுவது என்று முடிவு செய்து, சேலம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் நான் நடக்கப் போகிற வழி அது. முதல் நாள் சும்மா எட்டிப் பார்த்தேன். பிறகு தினமும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன ஜோலி?

ஒரு நாள் இடது பக்கத்துக் கதவில் பட்டி இழுத்து, தேய்த்து, பிரைமரும் அடித்து முடித்திருந்தார்கள். வெயிலில் தள்ளி வைத்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போல இருபது முப்பது துளைகள். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "மேலே இன்னொரு கோட் அடிச்சா மூடிக்காதாண்ணா?" என்று கேட்டார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "மூடிக்கும் தம்பி. ஆறு மாசத்துக்கு மூடிக்கும்" என்றார்.

அந்த "ஆறு மாசம்" என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. 1991-ல் வேறொரு பட்டறையில், வேறொரு மேஸ்திரி வாயிலிருந்து அதே சொல்லைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத்துப் 'புட்டி'தான் நம் பட்டறைகளில் பட்டி ஆனது. ஆனால் அது ஆங்கிலத்துக்கும் சொந்தச் சொல் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'பொத்தே' என்றால் ஒரு பானை கொள்ளும் அளவு என்று பொருள். வெள்ளீயத்தைச் சுட்டுப் பொடியாக்கி, மெருகு போடுவதற்கு வைத்திருக்கும் தூளுக்கு 'பொத்தே தெத்தேன்' என்று பெயர். அந்தப் பொத்தேதான் கடல் தாண்டிப் புட்டி ஆகி, இன்னொரு கடல் தாண்டி நம்மிடம் பட்டி ஆகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்களே இன்று பட்டியைப் பொத்தே என்று சொல்வதில்லை, 'மஸ்திக்' என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிக்க வந்த ஆசாரி, சாக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போவார். எங்கள் வாத்தியார் அதைக் காட்டி 'மஸ்திக்' என்று சொல்லிக் கொடுத்தார். நான் முதன்முதலில் பார்த்த பட்டி அதுதான்.

குதிரை வண்டிக் காலத்தில் சாரட்டுகளுக்குப் பெயின்ட் அடித்தவர்களும் இப்படி எண்ணெயில் குழைத்த பூச்சைத்தான் பள்ளங்களில் நிரப்பினார்கள். ஒரு பூச்சு காயவேண்டும், கல்லால் தேய்க்கவேண்டும், மறுபடி பூசவேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். மோட்டார் கார் வந்த புதிதிலும் இதே கதைதான். எஞ்சினும் சக்கரமும் வேகமாகத் தயாராகிவிடும். பெயின்ட் காய்வதற்காக வண்டிகள் கொட்டகை கொட்டகையாக நிற்கும்.

அந்தக் காத்திருப்பை முதலில் உடைத்தது அமெரிக்காவின் டியூபான்ட் கம்பெனி. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைக் கரைத்து, துப்பாக்கியில் வைத்துத் தெளிக்கக்கூடிய ஒரு பெயின்டை 1923-ல் கொண்டுவந்தார்கள். அதற்கு 'டூகோ' என்று பெயர் வைத்தார்கள். வாரங்கள் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நூறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் நம் ஊரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் ஸ்பிரே அடிப்பதை 'டூகோ அடிப்பது' என்றுதானே சொல்கிறோம்.

அதே நைட்ரோசெல்லுலோஸில் மாவு கலந்து வந்ததுதான் டப்பாவில் விற்ற என்.சி. பட்டி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் பக்கத்துப் பட்டறைகளில் ஓடியது பெரும்பாலும் அதுதான். அதன் குணம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் உள்ள தின்னர் ஆவியாகிப் போனால்தான் அது காயும். போன தின்னரின் இடம் காலி. ஆகவே பட்டி சுருங்கும். மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசினால் நிற்கும். அவசரப்பட்டுக் கனமாக அப்பினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பெயின்ட் அடித்து வண்டி வீட்டுக்குப் போனபிறகு உள்ளீரம் மெதுவாக வெளியேறும். பட்டி அமுங்கும், வெடிக்கும்.

பெரிய ஒடுக்குகளுக்கு இது உதவாது. அதற்கு ஈயம். காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு சேர்ந்த கலவை 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 250-ஐத் தாண்டித்தான் முழுவதும் நீராகும். நடுவில் வெண்ணெய் போல இருக்கும். அந்தப் பக்குவத்தில், எண்ணெய் தடவிய மரத் துடுப்பால் தகட்டின்மேல் இழைத்து, ஆறியபின் அரம் போட்டுச் சமன் செய்வார்கள். அதற்கு முன்னால் தகட்டைப் பளிச்சென்று சுத்தம் செய்து, மெல்லிய ஈயப் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசலையோ' என்று தெருவில் கூவி வந்தவர்கள் செய்த அதே வேலைதான். தகட்டில் துரு இருந்தால் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு கீழே விழுந்துவிடும். ஆகவே துருவை மறைக்க ஈயத்தால் முடியாது. ஈயப் புகையும் அரத்தூளும் வேலை செய்கிறவன் உடம்புக்கு விஷம் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தப் பொருள் தொழிலாளியை ஒழுங்காக வேலை செய்ய வைத்தது.

1955-ல் மியாமி நகரத்தில் ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க் என்ற பட்டறைக்காரர் இந்த ஈய வேலைக்கு ஒரு மாற்றுக் கண்டுபிடித்தார். பாலியெஸ்டர் பிசினில் டால்க் என்னும் கல்மாவைக் கலந்தார். அதோடு கொஞ்சம் ஹார்டனர் சேர்த்தால் தானே சூடாகி, சில நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்குப் 'பாண்டோ' என்று பெயர் வைத்து விற்றார். இன்று உலகத்தில் எந்தப் பட்டறையிலும் உள்ள இரண்டு பொருள் பட்டிக்கு வழி காட்டியது அதுதான். அடுப்பு வேண்டாம், ஈயம் வேண்டாம், நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

டால்க் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டில் வத்தக்குழம்பு கொதித்த கல்சட்டி செய்த மாக்கல் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி டால்க்தான். வாசலில் கோலம் போடுகிற கல்மாவும் அந்த வகைதான். ஆகக் கார் கதவில் பூசுவது, பிசினில் குழைத்த கோலமாவு என்று சொன்னால் தப்பில்லை. இதை மேஸ்திரியிடம் சொன்னபோது, "அதனாலதான் சார் தண்ணிய அப்படி இழுக்குது" என்றார். சரியான பேச்சு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் பட்டி இவ்வளவு செழித்ததற்குக் காரணம் உண்டு. அறுபது எழுபதுகளில் நமக்குக் கிடைத்த கார்கள் மொத்தமே மூன்று: உத்தரபாராவில் 1957 முதல் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய வண்டியை இருபது முப்பது வருடம் ஓட்டித்தான் ஆகவேண்டும். நசுங்கினால் புதுக் கதவு மாற்றுகிற பேச்சே கிடையாது. ஒடுக்கு எடுத்துப் பட்டி பார்ப்பதுதான். 1983 டிசம்பரில் மாருதி வந்தபிறகுதான் கழற்றி மாட்டுகிற பழக்கம் மெதுவாக வந்தது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை, இப்போது 44, ஊரை ஒட்டிப் போகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய லாரிகள் எத்தனை என்று அந்த வழி போகிற எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் டிங்கரிங் பட்டறைகள் முளைத்ததில் ஆச்சரியம் இல்லை. அதுபோக எஃப்.சி. காட்ட வேண்டிய லாரிகளும் வேன்களும். எஃப்.சி.க்கு முந்தின வாரம் பட்டறையில் இடம் கிடைக்காது.

நான் 1972-ல் வேலையில் சேர்ந்தேன். கண்டம் செய்த ஜீப்புகளை ஏலம் விடுகிற ஃபைல் சில வருடம் என் மேசையில் இருந்தது. ஓட்டை உடைசலாக ஏலம் போன ஜீப் மூன்று மாதம் கழித்து நாலு ரோட்டில் மாப்பிள்ளை போல வந்து நிற்கும். நம்பரைப் பார்த்துத்தான் அடையாளம் தெரியும். பட்டியின் மகிமை என்று வாயைப் பிளப்பேன்.

சரி, அந்த ஊசித் துளைக்கு வருகிறேன். பட்டறையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவு. நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் அளவுதான் ஹார்டனர். கூடினால் பட்டி கொதித்ததுபோல் காற்றுக் குமிழ் விடும். மிஞ்சிய ஹார்டனர் பின்னால் பெயின்டுக்கு மேலே கறையாகத் தெரியும். குறைந்தால் பட்டி இறுகாமல் எமரி பேப்பரில் பிசுபிசுவென்று ஒட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கலவை இன்னும் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகத்தான் கலக்கவேண்டும். முட்டை அடிப்பது போலக் கலக்கினால் காற்று உள்ளே போகும். தகட்டின்மேல் வைத்து மடித்து மடித்து அழுத்த வேண்டும். அந்தக் கதவில் கலந்தது புதிதாகச் சேர்ந்த பையன். துளைக்குக் காரணம் அதுதான்.

பெயின்ட் அந்தத் துளையை மூடாது. வாயை மட்டும் மூடும். உள்ளே காற்று இருக்கும். வெயிலில் அது விரிந்து மறுபடி வாய் திறக்கும். ஆகவே மேஸ்திரி பிரைமரைத் தேய்த்து எடுத்தார். காற்றுக் குழாயால் துளைகளை ஊதித் தூசியை வெளியேற்றினார். பிறகு மிருதுவான இரண்டாம் பட்டியை எடுத்து, தகட்டைச் சாய்த்துப் பிடித்து, துளைக்குள் இறங்கும்படி அழுத்தி இழுத்தார். காய்ந்தபின் 180 நம்பர் பேப்பர், அதற்குப் பின் 320. விரலால் தேய்க்கவில்லை, கட்டையில் சுற்றித்தான் தேய்த்தார். விரலால் தேய்த்தால் விரல் போன வழியெல்லாம் வாய்க்கால் விழும்.

மேடுபள்ளம் கண்டுபிடிக்க ஒரு உபாயம் வைத்திருக்கிறார். கறுப்புப் பெயின்டைத் தண்ணீர் போலக் கரைத்து, பனி விழுந்தமாதிரி லேசாகத் தெளிப்பார். கட்டையால் தேய்த்தால் மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும். கறுப்பு நின்ற இடத்துக்குத்தான் மறுபடி பட்டி. கடைசியில் ஒரு துணியைப் போட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தெரியும்.

பட்டியின் ஓரம் பெயின்டுக்கு அடியில் கோடாகத் தெரிந்தால், பழைய பெயின்டைச் சரிவாகத் தேய்க்காமல் அதன் மேலேயே பட்டியை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெடித்தால், ஒடுக்கைச் சுத்தியால் தட்டி எடுக்கச் சோம்பிப் பட்டியை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தகடும் பட்டியும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. கனமான பட்டி அந்த இழுபறியில் விட்டுவிடும்.

அப்புறம் தண்ணீர். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். என்.சி. பட்டிக்கும் பெயின்டுக்கும் அது சரி. பாலியெஸ்டர் பட்டியில் உள்ள கல்மாவு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். குடித்ததை அடியில் உள்ள தகட்டுக்குக் கொடுக்கும். நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் நம் பிள்ளைகளின் பல்லில் காவி ஏற்றிய தண்ணீர். அந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால், பெயின்டுக்கு அடியில் உப்பு தங்கிவிடும்; அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் விடும். "பட்டிய வறட்டாவே தேய்க்கணும் சார். தூசி பறக்கும், மூக்கைக் கட்டிக்கணும். அதுக்குச் சோம்பிக்கிட்டுதான் தண்ணி" என்றார் மேஸ்திரி.

கொப்புளம் ஒன்றுக்கு மட்டும் பட்டியில் மருந்து கிடையாது. கொப்புளம் என்றால் அடியில் துரு. தகடு தெரியும்வரை எல்லாவற்றையும் எடுத்து, அரித்த தகட்டை வெட்டி வீசி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். வேறு வழி இல்லை.

இதைத்தான் 1991-ல் நான் செய்யவில்லை.

நானும் என் மைத்துனரும் சேர்ந்து 1985-ல் ஒரு அம்பாசிடர் வாங்கினோம், 1969 மாடல். பி.எஃப். கடன் போட்டு என் பங்கைக் கொடுத்தேன். அவர் ஒகேனக்கல், மேச்சேரி என்று சவாரி ஓட்டினார். ஆறு வருடம் கழித்து அவருக்கு வேறு வேலை கிடைத்தது, வண்டியை விற்பது என்று ஆயிற்று. கதவுக்குக் கீழே ஓரப் பட்டையும் பின் சீட்டுக்கு ஏறி இறங்கும் இடமும் அரித்துப் போயிருந்தன. பட்டறைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "வெட்டித் தகடு வச்சா அஞ்சு நாள் ஆகும் சார். பட்டி போட்டா நாளைக்கே எடுத்துக்கலாம். ஆறு மாசம் நிக்கும்." ஆறு மாதத்துக்குப் பிறகு வண்டி யாருடையதோ. நான்தான் பட்டி போடச் சொன்னேன். அந்தப் பழி வேறு யாருக்கும் இல்லை.

பாலக்கோடு பக்கம் தக்காளி வியாபாரம் செய்கிற ஒருவர் இருபத்தாறாயிரத்துக்கு வாங்கிப் போனார். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஐப்பசி மழை முடிந்த சமயம். மதியம் ஆபீசில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன், அவர் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார். கையில் தினத்தந்தி பேப்பரில் ஒரு பொட்டலம். பிரித்து என் ஃபைல்களுக்கு நடுவே வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டித் துண்டு, இரண்டு விரல் கனம். ஒரு பக்கம் பளபளவென்று வெள்ளைப் பெயின்ட், மறுபக்கம் துரு.

"சார், உங்க வண்டியில இருந்து விழுந்துச்சுங்க. பாப்பா பின் சீட்டுல இருந்து இறங்கறப்ப கால் வச்ச எடம் உள்ள போயிருச்சு. தகடு கிழிச்சு ஏழு தையலுங்க" என்றார். சத்தம் போடவில்லை. பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தவர் போலத் தணிந்த குரலில்தான் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதோ 'எனக்குத் தெரியாது' என்பதுபோல்தான் சொல்லியிருப்பேன். அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். தெரிந்தேதான் விற்றேன் என்று சொன்னேன். கொண்டுபோன பணத்தை எண்ணிப் பார்த்து, தகட்டு வேலைக்கு ஆகிற தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கிட்டேங்க. அது என் புள்ள" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் குழந்தை காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தது. அவர் வண்டியை வெட்டித் தகடு வைத்து, அதற்கப்புறம் பல வருடம் ஓட்டினார். சந்தையில் அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஜோ கம்பெனி வாங்கியது. நான் படித்த மொழிக்காரர்கள்! பெயருக்கு 80 கோடி என்று பேப்பரில் படித்தபோது, அந்த வண்டிகளை இத்தனை காலம் நிற்க வைத்த பட்டறைக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஊசித் துளை சரிசெய்த மறுநாள், பேத்தியிடமிருந்து ஒரு சின்னக் காந்தத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெல்லிய துணி சுற்றி, தம்பியின் வண்டியில் கதவுக்குக் கீழே ஓரப் பட்டையில் வைத்துக்கொண்டே போனேன். பின் சீட்டுக்கு ஏறும் இடத்தில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். உளியை எடுத்துத் தட்டினார். தாத்தா காலத்துப் பட்டி, ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து வந்தது.

தம்பி வைகாசியில் வண்டி ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். தகடு வெட்டி வைத்ததில் ஆனி ஆகிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முதல் சவாரிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பின் சீட்டிலிருந்து இறங்கும்போது, அந்த இடத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் காலை ஊன்றிப் பார்த்துத்தான் இறங்கினேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதை மேலேயே சொல்லிவிட்டேன்.